மாடித் தளத்துத் தீராந்தியில் குழாய்க்காக எவ்வளவு வெட்டலாம்?

மாடிவீட்டு ரீச்சர் எழுதியது:

வணக்கம். எங்கள் வீடு திருகோணமலையில், உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கடற்படைத் தளம் ஆங்கிலேயரின் கையில் இருந்த காலத்தில் அங்கே எழுதுவினைஞராக இருந்த பாட்டனார் கட்டிய வீடு. கீழே சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கற் சுவர், மேலே முழுவதும் பலகைத்தளம். அம்மாவுக்கு வயது 78. கடற்காற்று வரும் மாடியறையை விட்டு இறங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். ஆனால் இரவில் இரண்டு தடவையாவது எழும்பி, படியிறங்கி, பின்முற்றத்துக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறது. மாரியில் அந்தப் படியும் முற்றமும் எப்படியிருக்கும் என்று இந்த ஊரவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே மாடியறையின் பின்மூலையில் 6 அடிக்கு 7 அடியில் ஒரு குளியலறை அமைக்க முடிவு செய்தோம்.

தளத்தைத் தாங்கும் தீராந்திகள் 3 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உடையவை. மையத்துக்கு மையம் 18 அங்குல இடைவெளியில், ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்கு 12 அடி நீளத்தில் கிடக்கின்றன. அதாவது பின்சுவருக்குச் சமாந்தரமாக ஓடுகின்றன. மரம் பாலை என்று அப்பா சொல்லியிருந்தார். சமையலறை இதற்கு நேர் கீழே இருப்பதாலும் அங்கே முகடு அடிக்காததாலும் எல்லாத் தீராந்திகளையும் நின்றபடியே பார்க்கலாம்.

வேலை தொடங்கிய இரண்டாம் நாள் பாடசாலையால் வந்தபோது சமையலறை மேசைமேல் செம்பழுப்புச் சீவல்கள் குவிந்து கிடந்தன. அண்ணாந்து பார்த்தேன். கைகழுவும் தொட்டியின் கழிவுக்குழாய்க்காக, பின்சுவரிலிருந்து மூன்றாவது தீராந்தியின் அடிப்பக்கத்தை, கிட்டத்தட்ட நடுவில், 3 அங்குல ஆழத்துக்கும் 5 அங்குல அகலத்துக்கும் வாளால் அறுத்து உளியால் கொத்தி எடுத்திருந்தார் குழாய் வேலைக்காரர். பின்முற்றத்து மலக்குழிக்குப் போகும் 4 அங்குலக் குழாயை விடுவதற்கு, பலகையைக் கழற்றி, அந்த மூலையில் உள்ள நான்கு தீராந்திகளையும் மேற்பக்கமாக வெட்டப் போவதாகவும் சொன்னார். "பாலை மரம் ரீச்சர், யானை ஏறினாலும் அசையாது" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படியான தீராந்தியில் எங்கே, எவ்வளவு வெட்டலாம் அல்லது துளைக்கலாம் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா? ஏற்கெனவே வெட்டுப்பட்ட தீராந்தியை அப்படியே விடலாமா? அம்மாவின் கட்டில் அந்த வெட்டிலிருந்து எட்டடி தள்ளித்தான் கிடக்கிறது.

ஓடாவி மகன் எழுதியது:

அக்கா, கணக்கெல்லாம் பிறகு. இன்றைக்கே அந்தத் தீராந்திக்கு முட்டுக் கொடுங்கள். வெட்டுக்கு நேர் கீழே ஒற்றைக் கம்பம் நிறுத்தக் கூடாது. வெட்டுக்கு இரு புறமும் ஒன்றரை அடி தள்ளி இரண்டு முட்டுகள் வையுங்கள். அவற்றின் அடியில், சமையலறைத் தரையில், ஒரு தடித்த பலகையைக் கிடத்தி அதன்மேல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பழைய சீமெந்துத் தரை குழிந்துவிடும். முட்டு இறுக நிற்க வேண்டும், அவ்வளவுதான். தளத்தைத் தூக்க இப்போதே முயல வேண்டாம். அம்மாவின் கட்டிலையும் அலுமாரியையும் சில நாட்களுக்கு அறையின் முன்பக்கச் சுவரோரம் மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ஒரு கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு வெட்டின் இரண்டு உள்மூலைகளையும் உற்றுப் பாருங்கள். வாள் நின்ற இடத்தில் மூலை கூர்மையாக இருக்கும். பாரம் ஏறும்போது பிளவு அந்தக் கூர்மையில்தான் தொடங்கி, மரத்தின் நார் போகும் திசையிலே சுவரை நோக்கி ஓடும். தலைமயிர் தடிப்பில் ஒரு கோடு தெரிந்தால், அது எத்தனை அங்குலம் போயிருக்கிறது என்று பென்சிலால் அடையாளமிட்டு, பக்கத்தில் திகதியையும் எழுதுங்கள். நாளைக்கு அது நீண்டிருந்தால் உடனே தெரியும்.

மரம் பாலைதானா என்று அறிய ஒரு சின்ன வழி உண்டு. காய்ந்த சீவல் ஒன்றைத் தண்ணீர்க் குவளையில் போட்டு அமுக்கி விடுங்கள். பாலை தண்ணீரைவிடப் பாரமானது, தாழ்ந்துவிடும். மஞ்சள் நிறமாக இருந்தால் முதிரை. ஆங்கிலத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர் வாங்கிய, சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரமும் இப்பகுதிப் பழைய வீடுகளில் உண்டு. அது பாலையைவிட இலேசானது. எந்த மரமாயிருந்தாலும் அடிப்பக்க வெட்டு வெட்டுத்தான். பாலை உடைவதற்கு நேரமெடுக்கும், ஆனால் பிளப்பதற்கு எடுக்காது. கோடரியால் பாலை விறகு கொத்தியவர்களுக்கு இது தெரியும்.

இன்னொன்று. தீராந்திகள் சுவருக்குள் நுழையும் இடங்களை ஒரு ஸ்குறூ திருகியால் குத்திப் பாருங்கள். கடல் ஈரமும் கறையானும் முதலில் பிடிப்பது சுவருக்குள் மறைந்திருக்கும் அந்த முனைகளைத்தான். முனை கடினமாக இருந்தால்தான் மீதி விடயங்களைப் பேசிப் பயனுண்டு.

உப்புவெளிப் பொறியியலாளர் எழுதியது:

மேலே ஓடாவி மகன் சொன்ன முட்டு வேலையை இன்றே செய்யுங்கள். நான் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் எந்த வேலைக்காரர் வந்தாலும் நீங்களே "இங்கே வெட்டாதீர்கள்" என்று சொல்ல முடியும்.

இரு சுவர்களில் தங்கிக் கிடக்கும் ஒரு தீராந்தியின்மேல் பாரம் ஏறும்போது, அதன் மேல்விளிம்பு நெருக்கப்படுகிறது, கீழ்விளிம்பு இழுக்கப்படுகிறது, உயரத்தின் நடுக்கோட்டில் இரண்டும் ஏறத்தாழ இல்லாமற் போகின்றன. நீளவாக்கில் பார்த்தால், வளைவு ஆகக் கூடுதலாக இருப்பது நடுவில். சுவரை நெருங்க நெருங்க அது குறைந்து, மரத்தைக் குறுக்காக அறுக்கப் பார்க்கும் வெட்டு விசை கூடுகிறது. ஆகவே ஒரு தீராந்தியில் கைவைக்கக் கூடாத இடம் எதுவென்று கேட்டால், நீளத்தின் நடுவில் அடிவிளிம்பு என்பதே பதில். உங்கள் வீட்டில் வெட்டப்பட்டிருப்பது துல்லியமாக அந்த இடம்.

வளைவைத் தாங்கும் வலு உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 அங்குலத்தில் 3 அங்குலத்தை எடுத்தால் மீதி 5. எட்டில் ஐந்தின் வர்க்கம் 0.39. அதாவது அந்த இடத்தில் மரத்தின் வலுவில் நூற்றுக்கு 39 பங்குதான் மிஞ்சியிருக்கிறது. விறைப்பு உயரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது என்பதால் அது அந்த இடத்தில் நூற்றுக்கு 24 பங்காகக் குறைந்துவிட்டது. கூரிய மூலையில் விசை குவிவதை இதில் நான் சேர்க்கவில்லை. இப்போது துளையைப் பாருங்கள். அதே தீராந்தியின் உயரத்தின் சரி நடுவில், உயரத்தின் மூன்றில் ஒரு பங்கு விட்டத்துக்கு ஒரு துளை போட்டால், இழப்பு இருபத்தேழில் ஒரு பங்கு. நூற்றுக்கு நான்கைத் தாண்டாது. விளிம்பில் உயரத்தின் ஆறில் ஒரு பங்கு வெட்டினாலோ நூற்றுக்கு 30 பங்கு போய்விடும். துளை பெரிதாகத் தெரியும், வெட்டு சிறிதாகத் தெரியும். கண் இதில் ஏமாற்றும்.

அமெரிக்க வீடுகளுக்கான கட்டட விதிக்கோவையின்படி, துளையின் விட்டம் உயரத்தின் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும், பக்கத்திலுள்ள வேறு துளைக்கோ வெட்டுக்கோ குறைந்தது 2 அங்குலம் விடவேண்டும். விளிம்பு வெட்டு உயரத்தின் ஆறில் ஒன்றுக்கு மேற்படக் கூடாது, அதன் நீளம் உயரத்தின் மூன்றில் ஒன்றுக்கு மேற்படக் கூடாது, நீளத்தின் நடு மூன்றிலொரு பகுதியில் வெட்டவே கூடாது. முனையில், அதாவது சுவரில் தங்கும் இடத்தில், உயரத்தின் நான்கில் ஒன்று வரை அனுமதி. பிரித்தானிய வழக்கம் இதைவிட இறுக்கமானது: துளை நடுக்கோட்டில்தான், உயரத்தின் நான்கில் ஒன்றுக்கு மேற்படாமல், தாங்குமிடத்திலிருந்து நீளத்தின் 0.25 பங்குக்கும் 0.4 பங்குக்கும் இடையில். இரண்டு துளைகளுக்கிடையே விட்டத்தின் மூன்று மடங்கு. வெட்டு மேல்விளிம்பில் மட்டும், உயரத்தின் எட்டில் ஒன்று, நீளத்தின் 0.07 பங்குக்கும் 0.25 பங்குக்கும் இடையில்.

உங்கள் 8 அங்குலத் தீராந்திக்கு இதைப் பெயர்த்தால், அமெரிக்க விதியில் ஆகக் கூடிய துளை 2 அங்குலம் 5 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தின் எட்டில் ஒன்று). பிரித்தானிய வழக்கத்தில் 2 அங்குலம், அதுவும் சுவரிலிருந்து 3 அடிக்கும் 4 அடி 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டும். எந்தக் கணக்கில் பார்த்தாலும், 4 அங்குலக் குழாய் எனப்படும் 110 மில்லிமீற்றர் மலக்குழாய் இந்தத் தீராந்தியை ஊடறுத்துப் போக வழியே இல்லை. மேல்விளிம்பில் வெட்டுவதானால் ஆகக் கூடியது ஒன்றேகால் அங்குலம். 4 அங்குலக் குழாயை அதில் புதைக்க முடியாது. ஆகவே நான்கு தீராந்திகளை வெட்டும் திட்டம் வெட்டின் அளவைக் குறைத்துச் சரிசெய்யக்கூடிய ஒன்றல்ல. அதை அடியோடு கைவிட வேண்டும்.

இந்த விதிகள் எல்லாம் வலுக்கெடாத செவ்வக வெட்டுமுகமுள்ள முழு மரத்துக்கு, சாதாரண அறைப் பாரத்துக்கு எழுதப்பட்டவை என்பதையும் மனதில் வைத்திருங்கள். தீராந்தியின்மேல் தண்ணீர்த் தாங்கி ஏற்றும் யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். 1000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன்.

மாடிவீட்டு ரீச்சர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலையே பக்கத்து வீட்டுத் தம்பியைப் பிடித்து முட்டு வைத்தோம். சீவல் குவளைக்குள் போட்டவுடன் தாழ்ந்துவிட்டது; அம்மா அதைப் பார்த்து "அப்பா பொய் சொல்லமாட்டார்" என்றார். சுவருக்குள் போகும் முனைகள் எல்லாவற்றையும் குத்திப் பார்த்தேன். ஒன்று மட்டும் மேலோட்டமாகப் பொருக்காக இருந்தது, கால் அங்குலம் உள்ளே போனதும் திருகி நின்றுவிட்டது.

வெட்டின் பின்மூலையில் பிளவு இருக்கிறது. சுவரை நோக்கி 7 அங்குலம் ஓடியிருக்கிறது. பென்சில் அடையாளத்தை இன்று காலை வரை தாண்டவில்லை. தீராந்தியின் அடியில் இழை கட்டி அளந்தேன். மற்றத் தீராந்திகள் நடுவில் 2 நூல், 3 நூல் தாழ்ந்திருக்க, வெட்டுப்பட்டது 5 நூல் தாழ்ந்திருக்கிறது. முட்டு வைத்த பின் எடுத்த அளவு இது.

இனி நான் கேட்க விரும்புவது: தீராந்தியை வெட்டவே கூடாதென்றால் மலக்குழாயை எந்த வழியால் கொண்டுபோவது? ஒருவர், பலகையின்மேல் மூன்றங்குலக் கொங்கிறீற்றுப் போட்டுத் தரையை உயர்த்தி, குழாய்களை அதற்குள் புதைக்கலாம் என்கிறார்.

கிண்ணியா கடலோரம் எழுதியது:

சகோதரி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் பழைய வீட்டில் வாப்பா அதையேதான் செய்தார். பலகையின்மேல் பொலித்தீன் விரித்து, அதன்மேல் கொங்கிறீற்று, அதன்மேல் தரையோடு. இரண்டு வருடம் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. பிறகு கதவோரத் தரையோடுகளில் ஒரே கோடாக வெடிப்பு விழுந்தது. நாங்கள் வெள்ளைச் சீமெந்தைத் தேய்த்து அடைத்தோம், மறு மாரியில் மீண்டும் வெடித்தது. கீழறை முகட்டில் தேநீர் நிறத்தில் ஒரு கறை படர்ந்தபோதுதான் உடைத்துப் பார்த்தோம். வெடிப்பால் இறங்கிய தண்ணீர் பொலித்தீனின் ஓட்டையால் போய்ப் பலகைக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் நின்றிருக்கிறது. பலகையைக் கையால் பிய்த்தெடுக்கலாம்போல இருந்தது. மேலே பாரமும் கீழே அழுகலும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இருந்ததால் எங்களுக்கு நான்கு வருடமாகத் தெரியவில்லை.

உப்புவெளிப் பொறியியலாளர் எழுதியது:

அந்த அனுபவத்துக்கு எண்ணையும் சேர்த்துவிடுகிறேன். மூன்றங்குலக் கொங்கிறீற்று ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 180 கிலோ. வீட்டு அறைத் தளங்களில் மனிதருக்கும் தளபாடத்துக்குமாகச் சேர்த்து வழக்கமாகக் கணக்கிலெடுக்கும் பாரம் சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவில்தான். உங்கள் 6 அடிக்கு 7 அடிக் குளியலறைக்கு மட்டும் 700 கிலோவுக்கு மேல் வரும். ஆள் ஏறுவதற்கு முன்பே, நாள் முழுதும், வருடக்கணக்காகத் தீராந்தியின்மேல் கிடக்கும் பாரம் அது. மரம் நீண்டகாலப் பாரத்தின் கீழ் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும் இயல்புடையது. கொங்கிறீற்று அதனோடு சேர்ந்து வளையாமல் வெடிக்கும். மேலே சொன்ன கதவோர வெடிப்பு அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

பலகையின்மேல் சீமெந்து நார்ப்பலகை அடித்து, மூட்டுகளுக்கு நாடா ஒட்டி, நீர்காப்புப் பூச்சு இரண்டு தடவை பூசி, சுவரோரம் 6 அங்குலம் ஏற்றிவிட்டால் பாரம் அதில் ஒரு சிறு பங்குதான்.

குழாய்க்கு வழி உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது. தீராந்திகள் பின்சுவருக்குச் சமாந்தரமாக ஓடுகின்றன என்றீர்கள். அப்படியானால் பின்சுவருக்குப் போகும் குழாய் எல்லாத் தீராந்திகளையும் குறுக்கே தாண்ட வேண்டும். பக்கச் சுவருக்குப் போகும் குழாய் இரண்டு தீராந்திகளுக்கு இடையிலுள்ள வெளியால், எதையும் தொடாமல், நேரே போய்விடும். அந்த வெளி 15 அங்குல அகலமுடையது.

பாலையூற்றுக் குழாய் பாஸ் எழுதியது:

ரீச்சர், நான் 22 வருடமாகக் குழாய் வேலை செய்பவன். எங்கள் ஆட்கள் தீராந்தியை ஏன் வெட்டுகிறார்கள் என்பதை ஒருவரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். பிவிசி குழாய் வளையாது. 15 அங்குல வெளிக்குள் நின்றுகொண்டு ஆறடிக் குழாயை நான்கு துளைகளுக்குள் நுழைக்க முடியாது. மேலிருந்து வெட்டினால் குழாயைத் தூக்கி வைத்துவிட்டுப் போகலாம். அரை நாள் வேலை. துளைத்துப் போவதானால் ஒன்றில் வெளிச்சுவரில் அதே நேர்கோட்டில் ஓர் ஓட்டை போட்டு வெளியிலிருந்து குழாயைத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு வெளிக்கும் ஒரு துண்டாக அறுத்து இணைப்பான் போட்டு ஒட்ட வேண்டும். அது இரண்டு நாள் வேலை, அதற்குக் கூலி பேசுவதில்லை. இது நியாயப்படுத்தல் இல்லை. அந்த மனிதர் அடிப்பக்கத்தை வெட்டியது பிழைதான்.

இனி உங்கள் குளியலறை. கொமட்டை பி-ட்ராப் உள்ளதாக வாங்குங்கள். எஸ்-ட்ராப் தரைக்குக் கீழே இறங்கும், பி-ட்ராப் பின்பக்கமாக, தரையிலிருந்து ஏறத்தாழ 7 அங்குல உயரத்தில், நேரே சுவருக்குள் போகும். அதைப் பக்கச் சுவரோடு சேர்த்து வைத்தால் 110 குழாய் தளத்துக்குக் கீழே இறங்கவே தேவையில்லை. சுவரைத் துளைத்து வெளியே இறங்கி, ஒழுங்கைப் பக்கமாகச் சுற்றி மலக்குழிக்குப் போகும். குழாய் பத்தடி கூடும்; அந்தச் செலவு ஒரு தீராந்தியைத் திருத்தும் செலவில் பாதிகூட வராது. சுவரைத் துளைக்கும்போது தீராந்தி முனை தங்கியிருக்கும் கல்லுக்கு நேர் கீழே மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைக் கழிவுக்கு 50 மில்லிமீற்றர்க் குழாய், அதே வெளியால் பக்கச் சுவருக்கு. பாக்கி இருப்பது கைகழுவும் தொட்டி ஒன்றுதான். அதைக் கதவருகே வைப்பதானால் ஒன்றிரண்டு தீராந்தியைத் துளைத்தாக வேண்டும். இங்கே சரிவை மறக்கக் கூடாது. நாற்பதுக்கு ஒன்று என்று வைத்தால், ஒரு தீராந்திக்கும் அடுத்ததற்கும் இடையே துளை மூன்றரை நூல் இறங்க வேண்டும். 50 குழாய்க்கு 54 மில்லிமீற்றர்த் துளை வேண்டும். மேலும் கீழும் 2 அங்குலம் விட்டால், 8 அங்குலத்தில் துளையின் மையம் ஏறியிறங்க 2 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான இடம்தான் மிஞ்சும். ஆறடி ஓட்டத்தில் அது தீர்ந்துவிடும். நீண்ட ஓட்டம் என்றால் துளைத்துப் போகும் வழியே சரிவராது, தீராந்திக்குக் கீழே தொங்கவிட்டு முகடு அடிப்பதுதான் வழி.

பாலையைத் துளைப்பதும் இலேசு இல்லை. தட்டை முனை போட்டால் புகைதான் வரும். கிண்ணம் போன்ற பல்வாள் முனையை மெதுவான சுற்றில், அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டி, பாதி ஒரு பக்கத்திலிருந்தும் பாதி மறு பக்கத்திலிருந்தும் போட வேண்டும். அதற்கு முன் நடுக்கோட்டில் ஒரு நூல் முனையால் வழித்துளை போட்டு, மறுபக்கம் சரியான இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். பழைய ஆணி இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். துளைக்குள் குழாயைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். இறுகப் பிடித்தால் வெயிலுக்கு நீளும்போது இரவில் முனகும்.

உப்புவெளிப் பொறியியலாளர் எழுதியது:

கொமட்டு விடயத்தில் பாஸ் சொல்வதுதான் சரியான தீர்வு. எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். ஒரே ஒரு திருத்தம். 54 மில்லிமீற்றர்த் துளை அமெரிக்கக் கணக்கில் அடங்கும், பிரித்தானியக் கணக்கில் மயிரிழையில் மீறும். கைத்தொட்டிக்கு 40 மில்லிமீற்றர்க் குழாய் போதும். 44 துளை இரண்டு கணக்கிலும் அடங்கும். பக்கத்தில் ஏற்கெனவே பலவீனப்பட்ட ஒரு தீராந்தி இருக்கும்போது இறுக்கமான கணக்கையே பிடிப்பது நல்லது.

பாலையூற்றுக் குழாய் பாஸ் எழுதியது:

40 குழாய் மயிரும் சவர்க்காரமும் பிடித்து அடைபடும் ஐயா. ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன், திரும்பும் இடத்தில் திறக்கக்கூடிய மூடி ஒன்று வைப்பதானால்.

ஓடாவி மகன் எழுதியது:

அக்கா, வெட்டுப்பட்ட தீராந்தியைப் பற்றி இன்னும் ஒருவரும் முடிவாகச் சொல்லவில்லை. வெட்டுக்குள் மரத்துண்டு செருகிப் பசை போட்டு மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மேல்விளிம்பு வெட்டாக இருந்தால் இறுகச் செருகிய துண்டு நெருக்கத்தை ஓரளவு கடத்தும். அடிவிளிம்பு இழுபடும் இடம், அங்கே செருகிய துண்டு சும்மா இருக்கும்.

செய்ய வேண்டியது, அதே 8 அங்குல உயரத்தில் 2 அங்குலத் தடிப்பில் ஒரு புதிய மரத்தை முழு நீளத்துக்கும் பக்கத்தில் சோடி சேர்ப்பது. சுவருக்குச் சுவர் 12 அடியாக இருக்கும்போது 12 அடி 8 அங்குல மரத்தை எப்படி உள்ளே விடுவது என்று கேட்பீர்கள். ஒரு சுவரில் 4 அங்குல ஆழத்துக்கும் மறு சுவரில் 9 அங்குல ஆழத்துக்கும் பொந்து எடுக்க வேண்டும். மரத்தைச் சரித்து ஆழமான பொந்துக்குள் முதலில் செலுத்தி, நிமிர்த்தி, பிறகு எதிர்ப்பக்கப் பொந்துக்குள் 4 அங்குலம் பின்னால் இழுத்தால் இரண்டு பக்கமும் தங்கிவிடும். அப்பா சுவரில் இருந்த பழைய தீராந்திகளையும் இப்படித்தான் மாற்றுவார். முனைகளுக்குக் கறையான் மருந்து பூசி, அடியில் ஒரு தட்டைக் கல் வைத்து, பிறகு பொந்தைச் சாந்தால் அடைக்கலாம்.

போல்ட் பூட்டுவதற்கு முன் தாழ்வை எடுக்க வேண்டும். கார் ஜாக் ஒன்றை முட்டின் கீழ் வைத்து, நாளுக்கு ஒரு நூலுக்கு மேல் தூக்காதீர்கள். 80 வருடமாகத் தாழ்ந்து பழகிய மரத்தை ஒரே நாளில் நிமிர்த்தினால் மாடிச் சுவர்ப்பூச்சு வெடிக்கும். மற்றத் தீராந்திகளின் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். முழு மட்டத்துக்கு ஆசைப்பட வேண்டாம். பிறகு 12 மில்லிமீற்றர் போல்ட்டுகளை, மேல் ஒன்று கீழ் ஒன்றாக மாறி மாறி, 14 அங்குலத்துக்கு ஒன்று வீதம், விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே, இரு புறமும் பெரிய வோசர் போட்டுப் பூட்டலாம். உருகிய துத்தநாகத்தில் தோய்த்த போல்ட்டாக வாங்குங்கள். சாதாரண இரும்பைக் கடற்காற்று தின்றுவிடும்.

மாடிவீட்டு ரீச்சர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பாலை மரம் அந்த நீளத்தில் கிடைக்கவில்லை. கிடைத்த மரமோ வாங்கும் விலையில் இல்லை. அரச மரக்கூட்டுத்தாபனத்தில் தேக்கு வாங்கிச் சோடி சேர்த்தோம். ஐந்து நாள் எடுத்துத் தூக்கியதில் 5 நூல் தாழ்வு 3 நூலுக்கு வந்தது, அதோடு நிறுத்திவிட்டோம். ஓடாவி ஐயா ஒருவர் வந்து, பிளவு மேலும் ஓடாமல் இருக்க வெட்டின் உள்மூலைகளை அரை வட்டமாகத் தேய்த்தும் விட்டார்.

கோபித்துக்கொண்டு போன குழாய் வேலைக்காரரையே மீண்டும் அழைத்தேன். பி-ட்ராப் பற்றிச் சொன்னதும், "இதை முதலே சொல்லியிருக்கலாமே ரீச்சர்" என்றார். கைத்தொட்டிக் குழாய்க்காக இரண்டு தீராந்திகளில் 44 மில்லிமீற்றர்த் துளை போட்டது அவர்தான். பல்வாள் முனைகள் இரண்டு மழுங்கிப் போயின. பக்கச் சுவரிலிருந்து 4 அடியில் பென்சிலால் நடுக்கோடு கீறிக் கொடுத்தது நான்.

தரையோடு ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஓர் இரவும் ஒரு பகலும் விட்டோம். அந்த இரவு சமையலறை மேசைமேல் பழைய உதயன் பத்திரிகைத் தாள்களை விரித்து வைத்தேன். காலையில் தாள் காய்ந்தே இருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு பொட்டு ஈரம். அண்ணாந்து பார்த்தேன், மேலே ஈரமில்லை. குனிந்து பார்த்தால், நேற்றைய தேநீர்க் கோப்பை பக்கத்தில் இருக்கிறது.